ஒரு லோடு வெளி மண் இல்லாமல்

வெள்ளத்தைத் தடுத்துக்கொண்டிருந்த ஒரு கரையை வெட்டி, அந்த மண்ணையே கட்டுக்கல்லாக்கி, அந்தக் கரை காத்துக்கொண்டிருந்த இடத்திலேயே ஒரு கட்டடம் கட்டியவன் நான். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். அப்படி முழுசாகச் சொல்லவும் வழியில்லை. ஒருவர் எனக்குச் சொன்னார். நான் அதற்கு ஒரு ஜோக் அடித்தேன். பிறகு அந்தக் கட்டடத்துக்குச் சென்னையில் மேடை போட்டுக் கேடயம் கொடுத்தார்கள். ‘ஒரு லோடு மண் கூட வெளியிலிருந்து வரவில்லை’ என்று நான் மைக்கில் சொன்னபோது கைதட்டினார்கள். ஐம்பத்திரண்டு வயதில் எனக்குக் கிடைத்த மிக நீளமான கைதட்டல் அது. இப்போதும் சில சமயம் பல் தேய்க்கும்போது அது காதில் கேட்கிறது. உடனே குழாயைப் பெரிதாகத் திறந்துவிடுகிறேன்.

காரைக்குடியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நாங்கள் என்றால் இரண்டு பேர். கட்டடம் என் பங்கு. அதைச் சுற்றியிருக்கிற நிலம், மரம், தண்ணீர் போகும் வழி எல்லாம் என் கூட்டாளியின் பங்கு. அவர் புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். என்னைவிடக் குறைவாகப் பேசுபவர். என்னைவிட அதிகமாகப் பேசுகிறவர் இந்த மாவட்டத்திலேயே கிடையாது என்பதால் இது ஒன்றும் பெரிய அடையாளமில்லை.

எங்களைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் புது வீட்டுக்குப் பழைய செட்டிநாட்டு முகப்பு கேட்பார்கள். மீதிப் பேர், பழைய வீட்டை ஓட்டலாக்க வேண்டும், அறைக்கு ஒரு பாத்ரூமை எங்கே ஒளித்துவைக்கலாம் என்று கேட்பார்கள். சோறு இதில்தான். ஆசை மட்டும் ஊர்ப் பொதுக் கட்டடங்கள் மீது. ஒரு துணைச் சுகாதார நிலையம், இரண்டு பஸ் நிழற்குடை, ஒரு பள்ளிக் கழிப்பறை. சிமெண்ட் குறைவு, கரண்ட் குறைவு, வெயில் உள்ளே வராது, காற்று மட்டும் வரும். பேசுவதற்கு மிக நன்றாக இருக்கும். நிறையப் பேசியிருக்கிறேன்.

அந்த அங்கன்வாடி டீச்சர் எங்கள் மாடிப்படி ஏறி வந்ததும் ஒரு பழைய வீடு ஓட்டலானதால்தான். அமராவதிபுதூர் தாண்டி உள்ளே போகிற ஒரு ஊர். பெரிய வீடு ஒன்றின் பின்கட்டை வாடகைக்கு எடுத்து அங்கன்வாடியை நடத்திக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர்கள் ஓட்டல்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். மையத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லையென்றால், மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடுத்த ஊர் மையத்தோடு சேர்த்துவிடுவோம் என்று துறையில் சொல்லிவிட்டார்களாம்.

“சேத்தா என்ன டீச்சர்? புள்ளைக அங்குட்டுப் போயிட்டு வரட்டுமே” என்றேன்.

“மூணு வயசுப் புள்ளை அம்புட்டுப் பெரிய ரோட்டத் தாண்டிப் போகுமா சார்? ஆத்தாக்காரி காலையில ஏழு மணிக்கே வேலைக்குப் போயிருவா. யாரு கொண்டாந்து விடுறது? சேத்தா எங்க ஊருப் புள்ளைக வராதுக. ஒண்ணு வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டிட்டுப் போவாளுக, இல்ல காட்டு வேலைக்குக் கூடவே இழுத்துட்டுப் போவாளுக. அவ்வளவுதான் சார்.”

கைபேசியை எடுத்து ஒரு பெண் குழந்தையின் படத்தைக் காட்டினார். “இது வந்தப்ப ஒம்பது கிலோ. இப்ப பதினொண்ணு. முட்டையும் சத்துமாவும்தான், வேற என்ன. இந்த ரெண்டு கிலோவ ஏத்த எனக்கு ஒரு வருசம் ஆச்சு. சேத்துப்புட்டா ரெண்டே மாசத்துல எறங்கிரும்.”

ஊரின் ஓரத்தில் பொது இடம் இருந்தது. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற ஊர்க்காரர்கள் கட்டிக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். கட்டினால் ஏற்றுக்கொள்கிறோம் என்று துறையும் சொன்னது. நாங்கள் வரைய வேண்டியதுதான் பாக்கி.

இடம் பார்க்க நான் மட்டும் போனேன். என் கூட்டாளிக்கு அன்று திருப்பத்தூரில் வேறு வேலை. போகுமுன் ஒரு துண்டுத்தாளில் ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்திருந்தார்: இந்த இடத்துக்குத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது? ஊர்க்காரர்களைக் கேட்கவும்.

டீச்சர் ஒரு மரத்தடியில் நின்று, குழந்தைகளின் எடையைக் கைபேசியில் ஏற்றிக்கொண்டிருந்தார். சிக்னல் கிடைக்காமல் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் அங்கன்வாடியில் சமைத்துப் போடுகிற உதவியாளர் அம்மாதான் எனக்கு இடத்தைச் சுற்றிக் காட்டினார். என் வயதுதான் இருக்கும். வேடிக்கை பார்க்க நாலைந்து பேர் கூடவே வந்தார்கள். நான் துண்டுத்தாளைப் பார்த்துக் கேட்டேன்.

“இந்த எடத்துக்குத் தண்ணி எங்குட்டு இருந்துக்கா வரும்?”

“தண்ணியா? எல்லாம் மேல இருந்துதான் வரும் சார்.”

நான் அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகமில்லை. “அது சரி. எல்லா ஊர்லயும் மேல இருந்துதான்க்கா வருது. ஒங்க ஊர்ல மட்டும் கீழ இருந்து வந்தாச் சொல்லுங்க, டிக்கெட் போட்டுக் காட்டுவோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, “இல்ல சார், மேல...” என்று மறுபடி தொடங்கினார். அதற்குள் யாரோ ஒருவர், “சார் செமையாப் பேசுறாருப்பா” என்றார். எனக்கு அது போதும். அடுத்த ஜோக்குக்குப் போய்விட்டேன். அந்த அம்மா சொல்ல வந்தது அங்கேயே நின்றுபோயிற்று.

அலுவலகத்தில், ‘தண்ணீர்: மழை மட்டும், கூரையில் விழுவது’ என்று எழுதி அடிக்கோடும் போட்டுக் கொடுத்தேன்.

“வேற எங்கிட்டு இருந்தும் வராதா சார்? கேட்டீகளா?” என்றார் கூட்டாளி.

“கேட்டேன்மா. மேலே... இருந்து வருதாம்.” ‘லே’யை நன்றாக இழுத்து, விரலை விட்டத்துக்கு நீட்டி நடித்தே காட்டினேன். சொன்னவர் இழுக்கவுமில்லை, விரலை நீட்டவுமில்லை. ஜோக் எடுபட வேண்டும் என்பதற்காக நான் சேர்த்துக்கொண்டது அது. கூட்டாளி சிரிக்கவில்லை. அவர் எப்போதுமே சிரிப்பதில்லை என்பதால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நல்ல திட்டம்தான் போட்டோம். அதைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கமில்லை. நடுவில் இரண்டு படி இறங்குகிற முற்றம். நான்கு பக்கக் கூரையும் அதை நோக்கிச் சரியும். மழை முற்றத்தில் விழுந்து, அடியில் இருக்கிற தொட்டிக்குப் போகும். தொட்டித் தண்ணீர் தோட்டத்துக்கு. ஜன்னல்கள் குழந்தைகளின் உயரத்தில். ஓரமாக நின்ற வேப்பமரத்தை வெட்டாமல் சுவரை வளைத்தோம்.

சுவருக்குச் செங்கல் வேண்டாம், அந்த இடத்து மண்ணையே கொஞ்சம் சிமெண்ட் கலந்து அழுத்தி, கல்லாக்கிக் கட்டுவோம் என்பது என் யோசனை. நிலத்தின் ஓரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு நீளமான மண்மேடு கிடந்தது, சீமைக்கருவேலம் மண்டி. எப்போதோ ஊருணியைத் தூர் வாரிக் கொட்டிய மண் என்று நானே முடிவுகட்டினேன். சோதித்துப் பார்த்ததில் கல் போட அருமையான மண் என்று வந்தது. பல வருஷம் மிதிபட்டு இறுகிய மண் அருமையாகத்தான் இருக்கும்.

ஜேசிபி வந்து மேட்டைத் தோண்டிய அன்று உதவியாளர் அம்மா சோற்றுப் பாத்திரத்தோடு அந்த வழியாக வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

“இத எடுத்துப்புட்டா சார்?”

“வெளியூரு மண்ணே வேணாம்க்கா. ஒங்க மண்ணுலயே ஒங்க கட்டடம். எப்படி?”

“அது சரிதான் சார். இத எடுத்துப்புட்டா...”

“எடுத்துப்புட்டா இடம் பாக்க லட்சணமா இருக்கும். இப்ப கருவேலங்காடு மாதிரியில்ல இருக்கு.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். சோறு ஆறிவிடும் அல்லவா.

கட்டடம் திறந்த பிறகு ஏழெட்டு மாதம் நன்றாக இருந்தது. அந்த மாதங்களைப் பற்றி எழுதத்தான் கஷ்டமாக இருக்கிறது. டீச்சர் ஒருமுறை போன் பண்ணி, “சார், இங்க புள்ளைக தூங்கி எந்திரிக்கிறப்ப அழுகுறதில்ல. அந்தச் சன்னல் வழியா மரத்தப் பாத்துக்கிட்டே கெடக்குதுக” என்றார். நான் கேட்டதிலேயே கட்டடத்தைப் பற்றிய சரியான வார்த்தை அதுதான். கேடயத்தோடு கொடுத்த காகிதத்தில் இருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது ஞாபகமில்லை. பக்கத்துக் குடியிருப்பிலிருந்தும் குழந்தைகள் வரத் தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமை எடை பார்க்கிற அன்று, தராசின் கொக்கியில் துணி ஊஞ்சலைக் கட்டி, எந்தக் குழந்தை எத்தனை ஏறியிருக்கிறது என்று டீச்சர் சத்தமாகச் சொல்வார், உதவியாளர் அம்மா அடுப்படியிலிருந்தே, “அட, அம்புட்டா!” என்பார். நான் இரண்டு முறை அதைப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது முறை ஒரு போட்டோகிராபரோடு போனேன்.

அந்த வருஷம் கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. காரைக்குடியில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, அங்கே முற்றத்தில் மழை விழுவதையும் தொட்டி நிரம்புவதையும் நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆமாம், சந்தோஷம்தான் பட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு டீச்சர் போன் பண்ணினார். “வாங்க சார். மொதல்ல வாங்க” என்றார். 

கூட்டாளியும் நானும் போனோம். மழை விட்டிருந்தது. கட்டடத்துக்குள் முழங்காலுக்கு மேலே செந்தண்ணீர். முற்றத்தில் இடுப்பளவு. தாழ்ந்த முற்றம் தண்ணீரை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதானே கட்டினோம், வாங்கிக்கொண்டது. பாய்கள் மிதந்தன. சத்துமாவுப் பாக்கெட்டுகள் ஊதி, ஜன்னல் ஓரமாக ஒதுங்கியிருந்தன. அந்த ஜன்னல் குழந்தைகளின் உயரத்தில் வைத்தது. தண்ணீருக்கும் அந்த உயரம் வசதியாகவே இருந்திருக்கிறது. மண்ணின் நிறம் தெரிய வேண்டும் என்று அடிவரிசைச் சுவருக்குப் பூச்சு வேண்டாம் என்று சொன்னவனும் நான்தான். அடியில் நாலு வரிசைக் கல் ஊறி, விரல் வைத்தால் வழித்துக்கொண்டு வந்தது.

ஒன்பது மணிக்குத்தான் குழந்தைகள் வருவார்கள். தண்ணீர் ஆறு மணிக்கு வந்திருக்கிறது. நடுவில் இருந்தது வெறும் மூன்று மணி நேரம்.

கூட்டாளிதான் உதவியாளர் அம்மாவிடம் கேட்டார். “தண்ணி எங்குட்டு இருந்துக்கா வந்துச்சு?”

“மேல இருந்துதான். அன்னைக்கே சொன்னேனே” என்றார் அவர், கையை நீட்டி.

நான் அப்போதும் வானத்தைத்தான் பார்த்தேன். பிறகுதான் அவர் கையைப் பார்த்தேன். அது மேலே போகவில்லை. தோள் மட்டத்தில், நேராக, மேற்கே நீண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் மேல என்றால் மேற்கு. மேலத்தெரு, மேலக்காடு, மேல வீடு. நான் பிறந்த வீடே மேலத்தெருவில்தான். வெயில் எந்த மாதம் எந்தச் சாய்வில் விழும் என்று டிகிரி கணக்காகச் சொல்லத் தெரிந்தவனுக்கு அம்மா பேசிய பாஷையில் மேற்குக்கு என்ன பெயர் என்று அன்று தோன்றவில்லை. ஒருவேளை தோன்றியிருக்கும். ஜோக் முந்திக்கொண்டுவிட்டது.

“மேலக் கண்மா இருக்குல்லங்க, அது நெறஞ்சா மிச்சத் தண்ணி இங்குட்டுத்தான் பாயும்” என்று கூட்டாளியிடமே அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. “அந்தக் கரை மறிச்சு, தெக்க வாய்க்காலுக்குத் திருப்பி விட்டுரும். கண்மா நெறஞ்சு நாளாச்சு. சின்னஞ்சிறுசுகளுக்கு அது கரைன்னே தெரியாது.”

“கரைய வெட்டுறப்ப ஏன்க்கா தடுக்கல?” என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வியை எந்த வாயால் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை.

“நான் கேட்டேனே சார். நீங்க சிரிச்சுக்கிட்டே இருந்தீக. படிச்சவுக, இத எடுத்துட்டு சிமெண்டுல ஒண்ணு கட்டுவீக போலன்னு இருந்துட்டேன்.”

கூட்டாளி தண்ணீரில் நடந்து வெளியே போய், மேற்குப் பக்கம், மேடு இருந்த இடத்தில் போய் நின்றார்.  திரும்பி வரும்போது காரில், “நான் போட்ட வரைபடத்துல அந்த மேடு இருந்த எடத்துல புல்லு போட்டிருந்தேன்” என்றார். 

மூன்றாம் நாள் ஒரு மூலைச் சுவர் சரிந்தது. துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். திட்டவே இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, “புள்ளைங்க உள்ள இருக்கும்போது வந்திருந்தா?” என்று மட்டும் கேட்டார். பிறகு பூட்டி, கதவில் ஒரு தாளை ஒட்டினார். அடுத்த வாரமே மையத்தை ரோட்டுக்கு அந்தப் பக்கம் சேர்த்துவிட்டார்கள். டீச்சருக்கு அங்கே வேலை. உதவியாளர் அம்மாவுக்கு வேறு ஊர்; இரண்டு பஸ் மாற வேண்டும்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. கரையை மறுபடி போட்டோம். கூட்டாளி ஊரிலேயே பத்து நாள் தங்கி, ஒவ்வொரு வீடாகக் கேட்டு, எந்தத் தண்ணீர் எந்த வழி போகும் என்று வரைந்தார். என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. “நீங்க வந்தா சார், அவுங்க சிரிச்சுட்டு நிறுத்திருவாங்க” என்றார். இப்போது எந்த வேலைக்கும் முதல் தடவை அவர்தான் போகிறார். நான் போனாலும் காரிலேயே இருக்கிறேன்.

சரிந்த சுவரைக் கட்டினோம், அடிவரிசைக்குக் கருங்கல் வைத்தோம். ஆனால் பாதுகாப்பில்லை என்று மூடிய கட்டடத்தைத் திறக்க, பாதுகாப்பு உண்டு என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப் போடுகிறவரைத்தான் காணவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் போடுவேனா என்று கேட்டுப் பார்த்தேன். பதில் தெரிந்ததால் அதற்குமேல் கேட்கவில்லை. அந்தக் கட்டடம் இப்போது நன்றாகவே நிற்கிறது, பூட்டுப் போட்டு. வாசலில் யாரோ ஆடு கட்டுகிறார்கள்.

நான் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மையத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அங்கே ஒரே அறை, தகரக் கூரை, நாற்பது குழந்தைகள். எங்கள் கட்டடம் இருக்கிற ஊரிலிருந்து வருவது மூன்று பேர்தான். அவர்களுக்கு மட்டும் அப்பாக்கள் பைக்கில் கொண்டுவந்து விட முடிகிறது.

“மத்த புள்ளைக டீச்சர்?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன்.

“வரல சார்.”

“எடையெல்லாம்...”

“வந்தாத்தான சார் பாக்குறதுக்கு.”

கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். என் தப்புதான் டீச்சர் என்பேன். பரவாயில்லை சார், வேணும்னேவா செஞ்சீக என்பார். எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும். லேசானதும் ஒரு ஜோக் வரும். அவரும் மரியாதைக்குச் சிரித்துவைப்பார். அப்புறம் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். இப்படி ஏழெட்டு வாரம்.

கடைசியாகப் போனது ஒரு பகல் பன்னிரண்டு மணிக்கு. சோறு போடும் நேரம். ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது, இன்னொன்று பாயிலேயே ஈரம் பண்ணிவிட்டது. டீச்சர் ஒரு கையில் துணியோடு, இருந்த ஒரே நாற்காலியை எனக்காகத் துடைத்துப் போட்டார். அந்த மையத்து உதவியாளரிடம் அடுப்பில் சாம்பாரை இறக்கச் சொல்லி, டீக்குப் பால் வைக்கச் சொன்னார். நான் உட்கார்ந்து, வழக்கம்போல, “எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே வரமாட்டேங்குது டீச்சர்” என்றேன்.

அவர் துணியைக் கீழே வைத்தார்.

“சார், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிட்டாலும் சரி. நீங்க வாராவாரம் வந்து ஒக்காந்து வருத்தப்படுறீக. ஒங்களுக்கு டீயப் போட்டு, ‘விடுங்க சார், விடுங்க சார்’னு ஒங்களச் சமாதானப்படுத்துற வேலையும் எந்தலையிலதான் விழுது. எனக்கு இங்க நாப்பது புள்ளைக இருக்கு. நாப்பத்தொண்ணாவதா நீங்க வேணாம். கட்டடத்தத் தெறக்கக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. இல்லாட்டி வராதீக.”